எட்டாவது ரவுண்டு

சிட்லபாக்கம் ஏரியைப் பதினோரு வருஷமா சுத்தறேன். தினம் ஏழு ரவுண்டு. எங்க வாக்கிங் கூட்டத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நடந்து முடிச்சதும் எத்தனை ஸ்டெப்ஸ்னு அதுல போடணும், கடைசியா வர்றவங்க எல்லாருக்கும் காபி வாங்கித் தரணும். நான் ஒரு நாளும் வாங்கித் தந்ததில்லை. எப்பவும் நான்தான் முதல். திமிர்னே வெச்சுக்கோங்க.

போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு லேசா ஸ்ட்ரோக் வந்தது. நடமாட ஆரம்பிச்சுட்டார், ஆனா இடது பக்கம் பலம் பாதிதான். "இவர் விழுந்துடாமப் பார்த்துக்கோங்க"ன்னு டாக்டர் என்கிட்ட ரெண்டு தடவை சொன்னார். பிசியோதெரபி தம்பி ஒருத்தன் வாரத்துக்கு மூணு நாள் வீட்டுக்கு வருவான். ஒரு நாள் அவரைத் தரையில உக்கார வெச்சு எழுந்திருக்கப் பழக்கிட்டே என் பக்கம் திரும்பினான்.

"நீங்களும் சேர்ந்து பண்ணுங்கம்மா. நடக்கறது நெஞ்சுக்கு நல்லதுதான், ஆனா அது மட்டும் போதாது. தசைக்குப் பலம் வேணும், மூட்டு வளையணும், ஒத்தைக் கால்ல தடுமாறாம நிக்கணும், நல்லாத் தூங்கணும்."

எனக்குச் சுருக்குனு கோபம் வந்துடுச்சு. "நீ யூனிஃபார்ம் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனப்பவே நான் ஏரியைச் சுத்திட்டிருந்தேன்பா. உன் பேஷண்ட் அவர், நானில்லை"ன்னு சொல்லிட்டு சமையல்கட்டுக்குப் போய்ட்டேன். நான் தரையில உக்கார்ந்து எழுந்தே வருஷக்கணக்காச்சு. சாமி ரூம்லகூட நாற்காலிதான். அதை அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

அப்புறம் ஒரு நாள் காலையில ஏழு ரவுண்டு முடிச்சு குரூப்பைப் பார்த்தா, ரிட்டயர்டான ஹெட்மாஸ்டர் சார் ஒருத்தர் என்னைவிட அறுநூறு ஸ்டெப் கூட. விடுவேனா? எட்டாவது ரவுண்டு ஆரம்பிச்சேன். பாதி வழியில வீட்டுக்காரர் போன் பண்ணினார். காபிக்குத்தான் இருக்கும், பத்து நிமிஷத்துல என்ன குடியா முழுகிடும்னு கட் பண்ணிட்டேன்.

வீட்டுக்கு வந்து, உள்ளே தாழ் போட்டு, போனை ஹால்ல சார்ஜ்ல மாட்டினேன். ஜெயிச்ச சந்தோஷம். "என்னங்க"ன்னு கூப்பிட்டேன். பாத்ரூம்லேர்ந்து சன்னமா ஒரு குரல் வந்தது.

சுவருக்கும் கம்மோடுக்கும் நடுவுல ஈரத்தரையில உக்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்ச்சிருந்தது. அவரோட போன் பக்கெட் தண்ணியில கிடந்தது. பாவி நான், என்ன பண்ணிட்டேன்!

அக்குள்ல கை கொடுத்துத் தூக்கினேன். அசையலை. மூச்சைப் பிடிச்சு இன்னொரு தடவை இழுத்தேன். இடுப்புல சுளீர்னு பிடிச்சு, கால் வழுக்கி, நானும் அவர் பக்கத்துலயே தொப்புனு விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தா முட்டி மடங்கலை. டைல்ஸ்ல பிடிமானமும் இல்லை. கத்தினேன், மாடி வீட்டு மிக்ஸி சத்தத்துல யாருக்குக் கேக்கும்? வாசல் கதவு உள்ளே தாழ். வேலைக்கு வர்ற அக்கா பெல் அடிச்சுப் பார்த்துட்டுத் திரும்பிடுவாங்க. பதினோரு வருஷம் நடந்த காலுங்க, என்னை ஒரு ஜாண் மேலே தூக்கலை. அவர் தலை வேற மெல்லச் சாய ஆரம்பிச்சது. இப்படியே இவர் என் கண்ணு முன்னாலயே போய்டுவாரோன்னு அழுதுட்டேன்.

"அழாதே"ன்னார். வார்த்தை குழறிச்சு. "ஒருக்களிச்சுப் படு."

"என்னது?"

"படுடி. அந்தத் தம்பி எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். படுத்துப் புரண்டு முட்டி போடு. கையை ஊனு. ம்... அந்தக் குளிக்கிற ஸ்டூலைப் பிடி. ஒரு பாதத்தை முன்னாடி வை. இப்போ அழுத்து."

ரெண்டு தடவை சரிஞ்சேன். முட்டி வலியில உயிரே போச்சு. "திரும்பப் பண்ணு"ன்னு அதட்டினார். மூணாவது தடவை எழுந்து நின்னுட்டேன். சுவரைப் பிடிச்சுட்டே போய்க் கதவைத் திறந்து எதிர்வீட்டு சாரைக் கூப்பிட்டேன். ரெண்டு பேருமா அவரைத் தூக்கிக் கட்டில்ல உக்கார வெச்சோம். புண்ணியத்துக்கு எலும்பு எதுவும் உடையலை.

இப்போ பிசியோ தம்பி வந்தா ரெண்டு நாற்காலி போடறேன். கையை ஊனாம உக்கார்ந்து எழணும். அப்புறம் ஒத்தைக் கால்ல நிக்கணும், நாலு எண்றதுக்குள்ள நான் சுவரைப் பிடிச்சிடறேன். எண்றது வீட்டுக்காரர்தான். "ஏமாத்தாதே"ன்னு மிரட்டல் வேற. ஏரியில நாலு ரவுண்டோட சரி. குரூப்ல இப்பல்லாம் அடிக்கடி காபி வாங்கித் தர்றது நான்தான்.

அன்னிக்கு அவர் கூப்பிட்டதைப் பார்த்துட்டுத்தான் கட் பண்ணினேன்னு இதுவரைக்கும் நான் சொல்லலை. அவரும் கேக்கலை. காலையில நான் வாசல்ல ஷூ மாட்டும்போது மட்டும், உள்ளேயிருந்து தினமும் ஒண்ணு கேக்கறார்.

"கூப்பிட்டா எடுப்பே இல்ல?"