முப்பத்தொரு புளியங்கொட்டை

எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண் அகதி முகாம்களுக்குக் கணக்கெடுக்கப் போகிறாள். சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் எந்தக் கூரைக்குக் கீழே படுக்கிறார்கள், எதில் சமைக்கிறார்கள், போர்த்திக்கொள்ள என்ன இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுப் போனில் தட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வீட்ட விட்டுட்டாலும் போச்சுங்க பெரியம்மா, அப்புறம் அவங்களுக்கு ஒண்ணும் போய்ச் சேராது" என்றாள். நான் வெடுக்கென்று உள்ளே போய்விட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பாள். அவள் மேல் எனக்கு என்ன கோபம்? அந்த வேலையை அவளுக்கு முன்னாலேயே செய்தவள் நான். ஒன்பது வயதில் செய்தேன்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லாவிட்டால் இது விளங்காது. மாயவரத்துக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அரிசி மில் இருந்தது. மில்லுக்குப் பின்னால் நெல் அடுக்குகிற கொட்டடி, அதற்கு முன்னால் நெல் காய வைக்கிற சிமெண்டுக் களம். மில்லை நடத்தியது என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் கடைத்தெருவில் நடந்தால் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்திருப்பார்கள். நான் அவருக்குப் பின்னால் நடந்தால் எனக்காகவும் எழுந்திருக்கிறார்கள் என்றே நினைத்துக்கொள்வேன்.

அந்தப் புரட்டாசியில் கடலோரத்தில் இரண்டு குப்பங்களுக்குள் வலைத் தகராறு வந்தது. இவர்கள் போட்ட வலையில் குஞ்சு மீனெல்லாம் போகிறது என்று அவர்கள் சொல்ல, கைகலப்பாகி, ஒரு விடியற்காலையில் ஒரு குப்பத்தின் படகுகளும் குடிசைகளும் எரிந்துவிட்டன. எரிந்த குப்பத்து ஜனங்கள் நடந்தே எங்கள் ஊருக்கு வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? அவர்கள் பெண்கள் கூடையில் மீன் சுமந்து வந்து விற்கிற ஊர் இதுதான். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிற அம்மா முதல் ஆளாக எங்கள் கொல்லைப் பக்கம் வந்து நின்றாள். தலையில் கூடை இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடலுக்குப் போன புருஷன் திரும்பாமல் போய் அவளுக்கு ஐந்து வருஷம் ஆகியிருந்தது. என் வயதில் ஒரு மகள், அவ்வளவுதான் அவள் வீடு.

அத்தா கொட்டடியைத் திறந்துவிட்டார். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே, ஆண்கள் களத்தில். ஆனால் குறுவை அறுப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நெல் வந்தால் கொட்டடி வேண்டும், ஐப்பசி மழை வந்தால் களத்தில் படுக்க முடியாது. வாய்க்கால் கரைப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொள்ளத் தாலுகா ஆபீஸில் வாய்மொழியாகச் சரி என்றுவிட்டார்கள். எங்கள் பள்ளிவாசல்காரர்களும் அத்தாவும் சேர்ந்து, வீட்டுக்கு இத்தனை மூங்கில், இத்தனை கட்டுக் கீற்று, ஒரு குண்டான், இரண்டு பாய், இரண்டு போர்வை என்று கொடுப்பதாக முடிவானது. கீற்றுக்குப் பேராவூரணிக்கு லாரி போக வேண்டும். எத்தனை வீட்டுக்கு?

குப்பத்து நாட்டார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர்தான் அவர்களுக்குத் தலைவர்.

"முப்பத்தொரு தலைக்கட்டு ராவுத்தரே" என்றார்.

அவர் போன பிறகு மாமா அத்தாவிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "தலைக்கட்டுன்னா கல்யாணம் ஆன ஆம்பள கணக்கு மச்சான். ஆம்பள இல்லாத வீடு அதுல வராது. நம்ம பள்ளிவாசல் சந்தா நோட்டுல மட்டும் வருதா என்ன? தலையை எண்ண வேணாம், அடுப்ப எண்ணுவோம். எந்த அடுப்பு தனியா எரியுதோ அது ஒரு வீடு."

கொட்டடிக்குள்ளும் அதன் பின்புறத்திலும் பெண்கள் புழங்குகிற இடத்தில் அயல் ஆண் போய் எட்டிப்பார்க்க முடியாது. என் அண்ணன்மார் பள்ளிக்கூடத்தில். நான் இரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள், வீட்டில் சும்மா இருந்தேன். மாமா என்னைக் கூப்பிட்டு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையப் புளியங்கொட்டை கொடுத்தார்.

"மூணு செங்கல் இருந்தா அது ஒரு அடுப்பு. சட்டி இல்லாட்டியும் பரவால்ல, சாம்பல் இருக்கான்னு பாரு. ஒரு அடுப்புக்கு ஒரு கொட்டை எடுத்து மடியில போட்டுக்க. மடியில இருக்கிறத மட்டும் எங்கிட்ட கொண்டா. செய்வியா?"

நான் தலையை ஆட்டினேன். ஊரில் பெரிய மனுஷர்கள் செய்ய முடியாத வேலை எனக்கு வந்திருந்தது.

சொல்லக் கூடாது, வேலையைச் சரியாகத்தான் செய்தேன். ஒவ்வொரு அடுப்பாகக் குனிந்து சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன். ஒருத்தி, "என்ன ஆபீசரம்மா, எங்க சாம்பல்ல மீன் தேடுறியளா?" என்று கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு கிழவி மூலையில் தனியாக இரண்டே செங்கல் வைத்து, மூன்றாவதற்குச் சுவரை வைத்துப் பொங்கிக்கொண்டிருந்தாள். யோசித்து அதற்கும் ஒன்று போட்டேன். கடைசியாக எங்கள் மீன்காரம்மா அடுப்பு. கொட்டடிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில். அவள் விறகு பொறுக்கப் போயிருந்தாள். மகள்தான் இருந்தாள்.

"என்ன மடியில?" என்றாள்.

"உங்க வீடெல்லாம்" என்றேன். "ஒவ்வொண்ணும் ஒரு வீடு. இதுக்குத் தகுந்தாப்லதான் கீத்து வரும்."

"எங்க வீடு எது?"

சிரட்டையில் தேடி, எல்லாவற்றிலும் பெரிதாக, கறுத்து மினுமினுவென்று இருந்த ஒன்றை எடுத்து அவளுக்குக் காட்டிவிட்டு மடியில் போட்டேன். அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கு இன்னும் பெருமையாகிவிட்டது. அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். சிரட்டையில் மிச்சம் ஏழெட்டுக் கொட்டை இருந்தது. ஒற்றையா இரட்டையா விளையாடலாமா என்று கேட்டது நான்தான், அவள் இல்லை.

கையை மூடிக்கொண்டு உள்ளே இருப்பது ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால் அவளுக்கு ஒன்று, தப்பாகச் சொன்னால் எனக்கு ஒன்று. அவள் என் கையைப் பார்க்கவே மாட்டாள், கண்ணைத்தான் பார்ப்பாள். மீன் விற்கிறவள் மகள் அல்லவா. மிச்சம் இருந்ததெல்லாம் போயிற்று. மில்காரர் வீட்டுப் பெண் ஒரு குப்பத்துப் பெண்ணிடம் தோற்று எழுந்திருப்பதா? மடியில் கையை விட்டேன். ஒன்று போயிற்று. அடுத்ததற்கு அந்தப் பெரிய கறுப்புக் கொட்டைதான் வேண்டும் என்று அவள் பிடிவாதமாகக் கேட்டாள். வைத்தேன். அதுவும் போயிற்று.

"எங்க வீட்ட நானே ஜெயிச்சுட்டேன்" என்று குதித்தாள்.

வீட்டுக்குப் போய் அடுக்களையிலிருந்து இரண்டு கொட்டை எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நடந்தேன். மாமா மில் வாசலிலேயே நின்றிருந்தார். நாட்டாரும் பக்கத்தில் நின்றார். மாமா இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நீட்டி, "கொட்டு" என்றார். கொட்டினேன். மேசையில் பரப்பி ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணினார். முப்பத்தொன்று.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

மாமா நாட்டாரின் தோளைத் தட்டினார். "மன்னிக்கணும் நாட்டாரே, உங்க கணக்க நான் சந்தேகப்பட்டுட்டேன். அச்சுல வாத்த மாதிரி முப்பத்தொண்ணு." நாட்டார் சிரித்தார். அன்று இரவு சாப்பாட்டில் மாமா என் தட்டில் தன் பங்குக் கறியை எடுத்து வைத்தார். நம்ம வீட்டுக் கணக்குப்பிள்ளை என்றார். அந்தக் கறியை நான் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

நாலாம் நாள் லாரி வந்தது. வாய்க்கால் கரையில் முப்பத்தொரு குவியல் போட்டார்கள். மாமா, குறைந்தால் என்ன செய்வது என்று கொஞ்சம் கூடுதலாகவே கீற்று ஏற்றச் சொல்லியிருந்தார். அது லாரியிலேயே கிடந்தது. நாட்டார் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஆண்கள் வந்து குவியலுக்குப் பக்கத்தில் நின்றார்கள். முப்பத்தொரு ஆள், முப்பத்தொரு குவியல். மீன்காரம்மா கடைசியில் நின்றிருந்தாள். குவியல் தீர்ந்த பிறகும் அப்படியே நின்றாள்.

"எனக்குங்க?" என்றாள்.

"நீதான் உன் கொழுந்தன் தலைக்கட்டுல சேத்தியாச்சே. அவனோட இருந்துக்க" என்றார் நாட்டார்.

"அவரோட அடுப்பு வேற, என் அடுப்பு வேறங்க."

மாமா குறுக்கே வந்தார். "இங்க பாரும்மா, அடுப்ப எண்ணித்தான் போட்டிருக்கு. தனி அடுப்புன்னா அதுலயே வந்திருக்குமே."

அப்போது அவள் மகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். பாவாடை நாடாவில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். இரண்டு கொட்டை. ஒன்று பெரியது, கறுப்பு.

"எங்க அடுப்பு இதுல இருக்கு. அந்தப் பாப்பாதான் எண்ணுச்சு. நான் வெளையாட்டுல ஜெயிச்சுட்டேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

ஆண்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நெசமா புள்ள?"

அவர் குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்றிருந்தால் லாரியில் கிடந்த கீற்றை அந்த நிமிஷமே இறக்கச் சொல்லியிருப்பார். என்னை அடித்திருக்கக்கூட மாட்டார். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை. ஆனால் கணக்குப்பிள்ளை என்று சொன்ன வாயால் அவர் வேறு ஏதாவது சொல்லிவிட்டால்?

"இல்ல மாமா. நான் இவகூட வெளையாடவே இல்ல" என்றேன்.

அந்தப் பெண் வாயைத் திறந்தபடி என்னையே பார்த்தாள். அவள் அம்மாவும் பார்த்தாள். பிறகு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

"புள்ளைங்க பேச்சுங்க முதலாளி. விடுங்க. ஒங்க வீட்டுப் பாப்பா பொய் சொல்லுமா?" என்றாள்.

அவள் என்னை நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது.

அந்தக் கிழவிக்கும் கிடைக்கவில்லை. அவளுக்காகக் கொட்டையை நீட்ட மகள்கூட இல்லை.

மிஞ்சிய கீற்றைத் திருப்பி அனுப்புவானேன் என்று எங்கள் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை மாற்றினார்கள். ஐப்பசியில் அந்தக் கூரையிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று அத்தா சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். குப்பத்து ஆண்கள் கடன்பட்டுப் படகு பார்த்துக் கடலுக்குப் போகத் தொடங்கினார்கள். மீன்காரம்மாவும் பழையபடி கூடையோடு வந்தாள். மழை பிடித்துக்கொண்டால் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தக் கொட்டகைக்குள் மாடுகளோடு ஒதுங்கி நிற்பாள். மேலே பார்க்க மாட்டாள். முன்பெல்லாம் எனக்கென்று நாலு கிழங்கான் மீன் கூடுதலாகப் போடுவாள். இப்போதும் போட்டாள். முதல் நாள் வந்தபோது மீனோடு சேர்த்து அந்த இரண்டு புளியங்கொட்டைகளையும் என் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, "ஒங்களுதுதானே பாப்பா, வச்சுக்கங்க" என்றாள். அதுவரை என்னை நீ என்றுதான் சொல்லுவாள். மரியாதை கூடிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்.

கார்த்திகையில் ஒரு நாள் அம்மா மீனைக் கழுவிக்கொண்டே கேட்டார்கள்.

"பொண்ணு எங்க, கூட வரலயா?"

"மாயவரத்துல ஒரு டாக்டர் வீட்டுல விட்டிருக்கேம்மா. புள்ளையத் தூக்கி வச்சுக்கிற வேலை. அங்கேயே படுத்துக்கலாம்னாங்க."

"இந்த வயசுலயா?"

"கொழுந்தன் வீட்டுத் தாவாரத்துல படுத்துக் கெடக்கோம்மா. ஒரு பக்கம் சாரல். இன்னொரு பக்கம் போற வர்ற ஆம்பளைங்க. இன்னும் ரெண்டு வருஷத்துல பெரிய மனுஷி ஆயிடுவா. அவள எங்கம்மா படுக்க வைப்பேன்?"

அம்மா கழுவின மீனையே திரும்பவும் கழுவினார்கள்.

"அந்த வீட்டுல ஃபேன் இருக்கா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கு பாப்பா" என்றாள்.

மாமா மௌத்தாகி அடக்கமாகிற வரைக்கும் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. என் புருஷனிடம் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. ஆனால் மீன்காரம்மா அதைச் சொன்ன அன்றைக்கு நான் அழுதேன். மத்தியானம் சாப்பிடாமல் அடம்பிடித்து, மில்லிலிருந்து மாமா வருகிற வரைக்கும் அழுதேன். என்ன புள்ள, என்ன ஆச்சு என்று அவர் என் முகத்தைத் துடைத்துக் கேட்டார். அவளை மட்டும் மாயவரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஃபேன் போட்ட வீட்டில் படுத்துக்கொள்கிறாள், என்னை மட்டும் ஏன் யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டு அழுதேன்.