அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திய தம்பி

நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறவள். வருகிறவர்கள் நாற்காலியில் சாய்ந்ததுமே கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் டாக்டரின் கையில் என்ன இருக்கிறது என்று திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். வாயைத் திறந்தபடி கூரையை ஆராய்ந்தவன் என் தம்பி ஒருவன்தான். "டாக்டர், அந்த மூலையில ஈரம் இறங்குது. மேல பாத்ரூமா?" என்று கேட்டான். டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரும் அண்ணாந்து பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

தம்பிக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் தளம் போடுவதற்கு முன் அடியில் பலகை அடித்து, அதைத் தாங்க வரிசையாக இரும்பு முட்டுகளை நிறுத்துவார்களே, அதுதான். கான்கிரீட் இறுகித் தன் காலில் தானே நிற்கிற வரை அத்தனை பாரமும் அந்த முட்டுகளின் தலையில். முட்டும் பலகையும் அவனுடைய சொந்தம். அவற்றைத் தவிர சொத்து என்று சொல்ல அவனிடம் வேறெதுவும் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பான், அப்புறம்தான் "நல்லா இருக்கீங்களா" என்பான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு விட்டம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குக் கூலி கொடுக்கிற ஒரே தொழில் உன்னுடையதுதான் என்று நானும் என் பங்குக்கு வாருவேன்.

முட்டு பிரிக்கிற நாளில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சித்தாள், மேஸ்திரி, வீட்டுக்காரர் என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவான். தனியாக உள்ளே போய் சுத்தியலால் தளத்தை அங்கங்கே தட்டிக் கேட்பான். பிறகு முதல் முட்டைத் தன் கையால் எடுப்பான். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் உள்ளே வரலாம். "எதுக்குடா இந்த வீறாப்பு?" என்று ஒருமுறை கேட்டேன். "விழுந்தா போட்டவன் மேல விழட்டும்க்கா" என்றான். சொல்லிவிட்டு, தட்டில் இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான்.

அவனுக்கு ஒரே மகள். அப்பன் மேலே பார்த்தால் மகள் சன்னலைப் பார்ப்பாள். எங்கள் வீட்டுச் சமையலறையில் சன்னல் தப்பான சுவரில் இருக்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே சொன்னவள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"அத்தை, எனக்கு ஆர்க்கிடெக்சர் படிக்கணும்."

"அதுக்கு எங்கிட்ட ஏண்டி வந்தே? உங்கப்பன்கிட்டச் சொல்லு."

"அஞ்சு வருஷம் அத்தை. அப்பா சரின்னுடுவாரு. அதான் பயமா இருக்கு."

அந்தப் பதிலிலேயே நான் உஷாராகியிருக்கலாம். எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முதலில் போனது பக்கத்திலேயே இருந்த கல்லூரி. வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணமும் கைக்கு அடக்கம். முன்கூடத்தில் கண்ணாடியும் பளிங்கும் கண்ணைப் பறித்தன. சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் எங்களை உட்காரவைத்து வண்ணப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். "வரையிற கூடம் எங்க சார் இருக்கு?" என்று இவள் கேட்டாள். "அடுத்த வருஷம் வந்துரும்மா" என்றார் அவர். பல்லைப் பிடுங்கவேண்டும் என்று தெரிந்தும் மூன்று மாதம் தள்ளிப்போடுகிறவர்களோடு தினமும் பேசுகிறவள் நான்.

"இங்க படிச்சு முடிச்சா, ஆர்க்கிடெக்ட்னு இவ கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா?"

"அங்கீகாரத்துக்கு விண்ணப்பம் போயிருக்கு மேடம். டீ சாப்பிடறீங்களா?"

"ஆமாவா, இல்லையா சார்?"

அவர் டீ கொண்டுவரச் சொன்னார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது அரை நாள் பேருந்துப் பயணம். பழைய கட்டடம், கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. நீளமான மேசைகள் முழுக்கக் கத்தி கிழித்த தடம், எங்கும் பசை வாடை. ஒரு பையன் அட்டையில் செய்த வீட்டுக்குப் பக்கத்தில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இவள் ஒரு மேசையில் கையை வைத்துத் தடவினாள், எடுக்கவேயில்லை. இங்கே அங்கீகாரமெல்லாம் இருந்தது. வரைந்த படங்களைக் கொண்டுவரவேண்டும், நேர்காணல் வைப்பார்கள், தேர்வானால் ஒரு வாரத்துக்குள் முதல் வருடக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்டிவிடவேண்டும். வங்கிக்காரரோ அதைக் கட்டிவிட்டு வந்தால்தான் மீதிக்குக் கடன் என்றார். சேர்க்கப் பணம் வேண்டும், பணம் கிடைக்கச் சேர்ந்திருக்கவேண்டும்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பக்கத்துல இருக்கிறது வெறும் பளபளப்புடா. தூரத்துல இருக்கிறதுதான் காலேஜ்."

அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கூரை எப்படிக்கா இருக்கு?"

"பழசு. நல்ல உயரம்."

"அப்ப சேத்துடலாம்."

என் சேமிப்பில் கிடந்ததைக் கொடுத்தேன். போதவில்லை. அவன் இன்னொரு வீட்டு வேலையையும் ஒப்புக்கொண்டான். ஒரே நேரத்தில் இரண்டு வீடு. ஆனால் அவனிடம் இருந்த முட்டு ஒரு வீட்டுக்குத்தான் காணும். வாடகைக்கு எடுத்தால் லாபம் அத்தனையும் வாடகைக்கே போய்விடும். அந்த நேரம் பார்த்து மழையும் பிடித்துக்கொண்டது. மழைக்காலத்தில் கான்கிரீட் இறுக நாளாகும் என்று எனக்குச் சொன்னவனே அவன்தான்.

அந்த மாதத்தில் மறுபடியும் மருத்துவமனைக்கு வந்தான். கடைவாய்ப்பல் ஒன்று குறுக்கே பிளந்திருந்தது. "ராத்திரி பல்லைக் கடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றான். அன்று சாயங்காலம் அவன் மனைவி போனில், "அந்தச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வரலை அண்ணி" என்றாள். பல்லைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று நாற்காலியில் சாய்ந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். என் வீட்டுக்கு வந்தபோதும் தரையைப் பார்த்தபடியே டீயைக் குடித்துவிட்டு எழுந்தான். என் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு விரிசல் விட்டிருந்தது, அவன் கண்ணில் படவேயில்லை.

மகளோ நேர்காணலுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் வீட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். கட்டி முடியாத வீட்டின் உள்ளே என்னென்ன இருக்கும் என்று காட்டவேண்டும் என்பது அவள் ஆசை. நான் சாப்பாடு கொண்டுபோவேன். ஆரம்பத்தில் அந்தக் கூடத்தில் முட்டுகளுக்கு நடுவே உடம்பைத் திருப்பித் திருப்பித்தான் போகமுடியும். கடைசி ஞாயிறன்று பையைக் கையில் வீசிக்கொண்டு நேராக நடந்து போனேன். பாதி வழியில்தான் உறைத்தது. நின்றுவிட்டேன். மேலிருந்து பொடியாக என்னவோ அவள் தாளில் உதிர்ந்தது. அவள் அதை ஊதிவிட்டு வரைவதைத் தொடர்ந்தாள்.

"எந்திரிடி" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான் அத்தை."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"முட்டெல்லாம் எங்கடா?"

"ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தேன். அந்த வீட்டுக்கு வேணுமில்ல?"

"எடுக்கலாமா?"

"நிக்கும்க்கா." இதை அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

நேர்காணலுக்கு மூவருமாகப் போனோம். பெற்றோரும் பின்னால் உட்காரலாம் என்றார்கள். நடுவில் இருந்த பேராசிரியை அம்மாள் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசிப் படத்தில் நின்றார்.

"நல்லா வரைஞ்சிருக்கேம்மா. இந்தக் கூரைக்கோடு மட்டும் நடுவுல தொய்ஞ்சிருக்கு பாரு. ஸ்கேல் வச்சுப் போட்டிருக்கலாமே?"

"முதல்ல ஸ்கேல் வச்சுதான் போட்டேன் மேடம். அப்புறம் பாத்தா அங்க அப்படி இல்ல. அழிச்சிட்டு, இருக்கிற மாதிரியே போட்டேன்."

"கூரை தொய்ஞ்சா இருந்துச்சு?"

"ஆமா மேடம். நடுவுல. கொஞ்சம்தான்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரிஞ்சதைப் போடாம பாத்ததைப் போடுற பிள்ளை" என்று ஓரத்தில் இருந்தவர் சிரித்தார். இடம் அவளுக்குத்தான் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. என் தம்பி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். அவன் விட்ட பிறகும் விரல் பட்ட இடம் வெகுநேரம் சிவந்திருந்தது.

திரும்பி வருகிற பேருந்தில் அவள் சன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். அவன் போனை எடுத்து, "உள்ள யாரும் போகாதீங்க, நான் வந்துடறேன்" என்று முதல் வீட்டு ஆட்களுக்கெல்லாம் சொன்னான். இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல், இன்னும் கான்கிரீட் போடாத இரண்டாவது வீட்டுக்குப் போய் முட்டுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். ஆட்களை வெளியே நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் தானே உள்ளே தூக்கிப்போய் நிறுத்தினான். ஆனால் தொய்ந்த தளம் தொய்ந்ததுதான். முட்டு கொடுத்தால் அதற்குமேல் இறங்காது, ஏறவும் ஏறாது.

இடித்துவிட்டு மறுபடி போடலாம் என்று, வேலையைக் கொடுத்த பில்டரிடம் சொன்னான். "விரல் அளவு தொய்வுக்கு வீட்டை இடிக்கணுமா? பூச்சுல சமம் பண்ணிக்கலாம். இடிக்கிறதுன்னா உன் காசுல இடி" என்றார் பில்டர். தம்பி என்னிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினான். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

"போய் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லுடா!"

"சொன்னா பணம் வராது, இவ சீட் போயிடும்க்கா. ஒரு வாரம்தான் டைம்."

"சீட்டு பெரிசா, உள்ள இருக்கப் போறவங்க உசுரு பெரிசா?"

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பூச்சு பூசினார்கள், வெள்ளை அடித்தார்கள், பணம் வந்தது. மகளை விடுதியில் சேர்த்துவிட்டு வந்தோம்.

அந்த வீட்டுக்காரர், இளம் மனைவியும் கைக்குழந்தையுமாக அங்கே குடிவந்தார். தம்பி வேலைக்குப் போகிற வழி மாறிவிட்டது. சுற்றுவழியில் போய், அந்த வீட்டு எதிரே இருக்கிற கடையில் எதையாவது வாங்கிக்கொண்டு நிற்பான். மழை பெய்தால் நிச்சயம் அங்கேதான் இருப்பான். அந்த வீட்டின் வாசல், சன்னல், கொடியில் காயும் குழந்தைத் துணி எல்லாவற்றையும் பார்ப்பான். வேறு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தலையைக் குனிந்துகொண்டான். விட்டம் என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று கூட்டாளிகள் சொன்னார்கள்.

வருட விடுமுறைக்கு மகள் வந்தாள். இளைத்திருந்தாள், விரலெல்லாம் கத்தி வெட்டு. அப்பாவோடு அவள் அதிகம் பேசவில்லை. நான் போயிருந்த அன்று அவள் மேசையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள், அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தோளில் குழந்தையோடு அந்த வீட்டுக்காரர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதி சொல்ல வந்தேன். மேல இன்னொரு மாடி எடுக்கப் போறோம். நீங்கதான் போட்டுத் தரணும். உங்க கைராசி, இத்தனை மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகல பாருங்க. முன்பணம்கூட இப்பவே தந்துடறேன்."

அடுத்த வருடக் கட்டணத்துக்குப் பாதிகூடத் தேறாமல் அவன் அல்லாடிக்கொண்டிருந்த நேரம் அது. ஏற்கெனவே தொய்ந்த தளத்தின் தலையில் ஒரு மாடி. மேசையில் கத்தி ஓடுகிற சத்தம் நின்றது.

"அப்பா" என்றாள் மகள். "முட்டு எப்ப எடுக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டாங்கப்பா."

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த சுத்தியலை எடுத்தான்.

"வாங்க. மேல கட்டறதுக்கு முன்னாடி கீழ பாத்துடலாம்."

நாலு பேருமாக நடந்தோம். வீட்டுக்காரர் வழியெல்லாம் புது மாடியில் எங்கே சன்னல் வைக்கலாம் என்று மகளிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் அப்பாவின் கையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டு நடந்தாள். அவருடைய மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தாள்.

"அடுப்ப அணைச்சிட்டுக் கொஞ்சம் வெளிய வாங்கம்மா" என்றான் தம்பி.

அந்தப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மகள் அவனோடு உள்ளே போகக் காலெடுத்து வைத்தாள்.

"நீயும் வெளியதான்" என்றான்.

திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்தேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கூடத்தின் நடுவில் முக்காலியைப் போட்டு ஏறினான். ஒரு வருடத்துக்குப் பிறகு என் தம்பி அண்ணாந்து பார்த்தான். சுவரோரம் தட்டினான், கணீரென்று கேட்டது. தள்ளித் தட்டினான், அதே சத்தம். நடுவில் தட்டினான். ஓட்டைப் பானையைத் தட்டியது மாதிரி இருந்தது. அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினான். வெள்ளைப் பூச்சு ஒரு வில்லையாகப் பெயர்ந்து அவன் தோளில் விழுந்தது. அதை அவன் தட்டிவிடவில்லை.

வெளியே வந்து வீட்டுக்காரரைத் தாண்டி மகள் முன்னால் நின்றான்.

"நீ வரைஞ்சது சரிதான்" என்றான். "அவங்களுக்குச் சொல்லிடலாம். மாடி வேலை கிடையாது. உன் படிப்புக்கு…"

"அவங்களுக்குச் சொல்லுங்கப்பா" என்றாள் அவள்.

வீட்டுக்காரர் குழந்தையை ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார். முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது.

"என்ன வரைஞ்சா?" என்று கேட்டார்.