நேர்ந்துவிட்ட வான்கோழி

அந்த உத்தரவு மூன்று தாள். டைப் அடித்து, ஓரத்தில் துளை போட்டு, பச்சை நூல் கோத்து, சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் என் மேசைக்கு எதிரே ஆணியில் தொங்கியது. எண்பதுகளின் தொடக்கம். நான் அங்கே கால்நடை ஆய்வாளர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தவன் தலையில் வான்கோழியைக் கொண்டுவந்து கட்டினார்கள். அரசுக் குஞ்சு பொரிப்பகத்துக்கு வான்கோழி முட்டை கொடுக்கிற பண்ணைகளை இனி நான்தான் பரிசோதித்துச் சான்று எழுத வேண்டும் என்றார்கள்.

காரணம் சால்மோனெல்லா என்ற கிருமி. தாய்க்கோழியின் வயிற்றில் அது பாட்டுக்குக் கிடக்கும். கோழி மேயும், முட்டையிடும், ஒரு குறையும் தெரியாது. முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போனபிறகுதான் வேலையைக் காட்டும். பொரித்த வாரத்திலேயே குஞ்சுகள் பின்பக்கம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு கூட்டமாகச் சாகும். அதனால் பண்ணையிலுள்ள ஒவ்வொரு பறவைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றது உத்தரவு. 'ஒவ்வொரு' என்ற சொல்லுக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். கிருமி உள்ளதை அன்றைக்கே கொன்று, எரித்து, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு தடவை சுத்தம் என்று வரும்வரை ஒரு முட்டைகூட வெளியே போகக் கூடாது. எனக்கு அது வரிக்கு வரி மனப்பாடம். மனப்பாடம் செய்தவனுக்கு வருகிற திமிரும் இருந்தது. அந்த மூன்று தாளில் இல்லாத ஒன்றால்தான் ஒரு பிள்ளை போனது.

பனவடலிசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டுக்குள் இரண்டு மைல் நடந்தால் அந்த அக்காவின் வீடு வரும். ஒற்றை அறை, முன்னால் சிறு முற்றம், பக்கத்தில் பனையோலைக் கொட்டகையில் நாற்பது வான்கோழிகள். புருஷன் கிணறு வெட்டும்போது மண் சரிந்து போய்விட்டார். கொழுந்தன் பக்கத்து வீட்டில் இருந்தார். அவளுக்கென்று இருந்தது மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒன்றுதான். அதற்கும் போன வருஷம் காய்ச்சல் வந்து நினைவு தப்பிவிட்டது. வீட்டுக்குத் தூக்கிப் போங்கள் என்று டாக்டரே சொல்லிவிட்டாராம். எப்படியோ பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிவிடவே யோசிப்பாள்.

முதல் தடவை போனபோது எனக்கு அவளைப் பிடித்துப்போனது. வேலை தெரிந்தவள். வான்கோழியை மடியில் மல்லாத்திப் போட்டு, இறக்கையை விரித்துப் பிடிப்பாள். இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பில் நான் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் வைத்து, ஐஸ் பிளாஸ்கில் கொண்டுவந்த ஊதா மருந்தோடு கம்பியால் கலக்குவேன். கலவை அப்படியே இருந்தால் நல்லது. தயிர் திரிந்ததுபோல் ஊதாத் திப்பிகள் கூடினால் அந்தக் கோழி போச்சு. அன்று ஏழுக்குத் திப்பி கூடியது. ஏழையும் அவளே அறுத்தாள், அவளே எரித்தாள். குழிக்குள் சுண்ணாம்பைக் கொட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் நான்கு. மூன்றாவது மாதமும் போனேன், முதல் பத்துக் கோழியிலேயே இரண்டுக்குத் திப்பி. எனக்கு வந்ததே கோபம். கொட்டகையை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். தவிட்டை மாற்றச் சொன்னேன், மாற்றினாள். பிறகு எங்கிருந்து வந்து தொலைகிறது இது?

"ஏக்கா, சொன்னதச் சொன்னபடி செய்யுதியளா, இல்ல நான் போனதும் பழையபடி விட்டுருதியளா?" என்று சத்தம் போட்டேன்.

சுண்ணாம்புத் தூசி மூக்கில் ஏறி, பேச்சோடு பேச்சாகப் பெரிய தும்மல் ஒன்று வந்தது. சாத்தியிருந்த வீட்டுக்குள்ளிருந்து 'களகளகள' என்று ஒரு பதில் வந்தது. வான்கோழிச் சேவலுக்கு ஒரு குணம் உண்டு. பெரிய சத்தம் எது கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க அதனால் முடியாது. நான் அவளைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்னக்கா?"

"அது கோழி இல்ல சார். சாமிக்கு விட்டது."

கதவைத் திறந்தேன். தானியக் குலுக்கைக்குப் பக்கத்தில், காலில் மஞ்சள் துணி கட்டி, மூக்குச் சதை சிவந்து தொங்க, இடுப்புயரத்துக்கு உப்பிக்கொண்டு நின்றது ஒரு சேவல். பிள்ளை நினைவில்லாமல் கிடந்தபோது மாடசாமிக்கு நேர்ந்துவிட்டாளாம். கண் முழித்தால் கோயிலில் அடுத்த கொடைத் திருவிழாவுக்கு இந்தச் சேவலைப் பலி கொடுக்கிறேன் என்று. நேர்ந்த மறுநாள் பிள்ளை தண்ணீர் கேட்டது. நேர்ந்துவிட்டதன் உடம்பில் கொடைக்கு முன்னால் ஒரு கீறல் படக் கூடாது. பட்டால் ஊனம், சாமி ஏற்காது. அதனால் நான் வருகிற நாளில் மட்டும் அது வீட்டுக்குள், மற்ற நாளெல்லாம் கோழிகளோடு கோழியாகக் கொட்டகைக்குள். பொய் சொல்லிவிட்டோம் என்ற எண்ணமே அவளிடம் இல்லை. கோழி எத்தனை என்று கேட்டேன், சொன்னாள். சாமியுடையதை அவள் எப்படித் தன் கணக்கில் சேர்ப்பாள்?

ஆனால் எனக்குச் சிவப்புக் கோடு போட்ட சொல் கண்முன்னே நின்றது. இதற்கும் ரத்தம் பார்க்காமல் போக மாட்டேன், பண்ணையின் பெயரையே அடித்துவிடுவேன் என்று நின்றேன். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினோம்.

"ஊசி குத்தினா எம்பிள்ளையச் சாமி திருப்பிக் கேக்கும் சார். வேணும்னா எங்கையில குத்திப் பாருங்க."

"ஒரு சொட்டுக்கா. கொசு கடிச்சாப்ல இருக்கும். சாமிக்கு இதெல்லாமா கண்ணுக்குத் தெரியும்?"

அந்தப் பேச்சை நான் பேசியிருக்க வேண்டாம். கடைசியில் அவளே சேவலைப் பிடித்துக் கொடுத்தாள். ஊதா மருந்தில் ரத்தம் பட்டு நான் கம்பியை எடுப்பதற்குள் திப்பி திப்பியாகக் கூடிவிட்டது. மூன்று மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உத்தரவுப்படி அன்றைக்கே கொல்ல வேண்டும். அவள் என் காலில் விழப் போனாள்.

"கால் நாட்டியாச்சு சார். கொடைக்கு இன்னும் இருவது நாள்தான். சாமி பறவையக் குழியில போட்டுட்டு நான் பிள்ளைய வச்சிக் காப்பாத்திர முடியுமா?"

நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தானே. பந்தக்கால் நட்டபிறகு நேர்ந்ததைக் கொன்று புதைப்பது எனக்கும் மனசு ஒப்பவில்லை. இருபது நாளில் எப்படியும் அறுபடப்போகிற பறவை. கோழிகளிடம் அண்டாமல் இருந்தால் போதாதா? முற்றத்தில் கட்டினால் கோழிகள் வந்து மொய்க்கும், நாய் பிடுங்கும். ஆகவே யோசித்து, மிகவும் புத்திசாலித்தனமாக, ஒரு வழி சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயே கட்டிப் போடுங்க. கொடை வரைக்கும் வெளிய விடாதிய. கோழியெல்லாம் சுத்தமாயிரும்."

அவள் கும்பிட்டாள். பதிவேட்டில் 'நோயுற்றவை அனைத்தும் அழிக்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கொட்டகை பளிச்சென்று இருந்தது. வீட்டு வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். ஒற்றை அறையில் ஒரு மூலையில் சேவல், மறு மூலையில் பிள்ளையின் பாய். இடையில் மூன்று முழம் இருக்கும். தரையெல்லாம் எச்சம். அவள் கூட்டித்தான் வைத்திருந்தாள், ஆனாலும் அது போட்டுக்கொண்டே இருந்தது. பிள்ளை தன் தட்டிலிருந்து கம்மஞ்சோற்றை உருட்டி அதற்கு ஒரு வாய் நீட்டும், அதே கையால் தனக்கு ஒரு வாய். "சாமி, தின்னு" என்று அதட்டல் வேறு. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

கிளம்புமுன் வாசலில் நின்று பையிலிருந்த சோப்பை எடுத்துக் கை கழுவினேன். எங்களுக்கு அது பழக்கம், பண்ணைக்குள் போனால் கை கழுவாமல் வெளியே வர மாட்டோம். பிள்ளை பக்கத்தில் வந்து நின்று நுரையை வேடிக்கை பார்த்தது. செம்பில் தண்ணீர் மிச்சமும் இருந்தது. அதை வாசலில் கொட்டிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு கோமாரி ஊசி வேலை வந்துவிட்டது. சிவகிரி, ராயகிரிப் பக்கமெல்லாம் மாடு மாடாகச் சுற்றியதில் அவள் முறை பத்து நாள் தள்ளிப்போனது. ஒருநாள் காலை பனவடலிசத்திரத்தில் இறங்கினால், டீக்கடையில் அவள் கொழுந்தன் உட்கார்ந்திருந்தார். தலை மொட்டையாக இருந்தது. கொடைக்கு எடுத்திருப்பார் என்று நினைத்து, "கொடை நல்லபடியா முடிஞ்சுதா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கொடை முடிஞ்சுது. பிள்ள போயிட்டு சார்."

கொடைக்கு ஐந்து நாள் இருக்கும்போது காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்ததாம். அடுத்த நாள் ரத்தமாகப் போயிருக்கிறது. சங்கரன்கோவிலில் பார்த்து, அங்கிருந்து திருநெல்வேலிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். பிள்ளைக்காக நேர்ந்த சேவலைக் கொடையன்று இவர் அறுத்தார். தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மறுநாள் விடியலில் பிள்ளை போய்விட்டது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"என்னத்தச் சொன்னாரு. வீட்டுக்குள்ள கோழி கிடக்கான்னு கேட்டாரு. கோழியெல்லாம் வெளிய கொட்டாயில கிடக்கு, உள்ள ஒரு கோழியும் கிடையாதுன்னு சொன்னேன். சாமிக்கு விட்டதச் சொல்லல. அது என்ன கோழியா?"

டீ கிளாஸை வைத்துவிட்டேன். எங்கள் பயிற்சியில் ஒரு மணி நேரப் பாடம் உண்டு. இந்தக் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிகள் சில மனிதரையும் விடாது, சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம் என்று வாத்தியார் சொன்னார். மத்தியான வகுப்பு, நான் பாதித் தூக்கத்தில் கேட்டது. உத்தரவில் அந்த வரி இல்லை. உத்தரவு கோழியைக் காப்பாற்ற எழுதியது. அந்தச் சேவலின் வயிற்றில் இன்னும் எந்தெந்தக் கிருமி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை, இனிப் பார்க்கவும் முடியாது. எனக்கு மட்டும் சந்தேகம் இல்லை.

திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை. போயிருந்தால் கோழை என்பதோடு நின்றிருக்கும்.

அவள் முற்றத்தில் எனக்காகக் கோழிகளை அடைத்து வைத்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். துக்கம் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டு ஒரு கோழியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். பழையபடி இறக்கையை விரித்தாள். நான் குத்தினேன். கலவை சுத்தமாக இருந்தது. அடுத்தது, அதுவும் சுத்தம். ஒன்று விடாமல் சுத்தமாக வந்துகொண்டிருந்தது. என் யோசனை பலித்துவிட்டது.

இருபதாவது கோழியோ என்னவோ, இறக்கையை விரித்தபடியே பேசினாள்.

"அன்னைக்கு நாந்தான சார் அதப் பிடிச்சுக் குடுத்தேன். ஊசி குத்த விட்டேம்லா. அதான் சாமி பிள்ளையத் திருப்பிக் கேட்டுட்டு."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"பெறகு எதுனாலன்னு சொல்லுங்க. நீங்க படிச்சவுக. நான் வேற என்ன தப்புச் செஞ்சேன்? நீங்க சொன்னபடியெல்லாம் செஞ்சேன். வேற எதுனால சார் எம்பிள்ள போச்சு?"

நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சொல்லியிருந்தால் அவள் என்னைச் சபித்திருப்பாள், ஒருவேளை அந்தச் சுமையில் பாதியாவது அவள் தலையிலிருந்து இறங்கியிருக்கும்.

"தெரியலக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த கோழியைப் பிடிக்க எழுந்தாள்.