கிள்ளான்காரியின் கோலம்

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது சாந்தினி மூலையில் உட்கார்ந்து அழவில்லை. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் கணினியை வைத்துக்கொண்டு, சிறு வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து தரக் கற்றுக்கொண்டாள். இரண்டு வருடத்தில் ஆறு வாடிக்கையாளர்கள் சேர்ந்தார்கள். அந்த ஆறு பேர்தான் அவள் பிழைப்பு.

ஆறு தளங்களின் ஓரத்திலும் ஒரே கோலம். கிள்ளானில் ஒரு பெண் நடத்தும் பூக்கடையின் தளத்தில் அதைப் பார்த்தாள்; பிடித்துப்போனது; பக்க அமைப்போடு சேர்த்து அப்படியே எடுத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றினாள். திருட்டு என்று மனத்தில் படவே இல்லை. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் நன்றாக இருந்தால் நோட்டில் வரைந்துகொண்டு வருவதுதானே நம் வழக்கம்? எந்த மகராசி அதற்குக் காப்புரிமை கேட்டாள்?

இந்த மகராசி கேட்டாள். அது ஊர்க் கோலமில்லை. புள்ளி புள்ளியாக அவளே யோசித்து வரைந்தது. ஆதாரத்தோடு, தளங்களுக்கு இடம் கொடுத்த நிறுவனத்துக்கு எழுதிவிட்டாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஆறு தளங்களும் ஒரே காலையில் மறைந்தன.

சாந்தினி கிள்ளான்காரியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பதில் இல்லை. ஐந்து பேர் தொலைபேசியிலேயே திட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். டத்தோ கிராமாட்டில் மணவறை அலங்காரம் செய்யும் புவனேஸ்வரன் மட்டும், "புதுசா செஞ்சு கொண்டாம்மா, பாக்கலாம்" என்றார்.

அவரை விட்டால் வேறு கதியில்லை. அவர் கட்டிய மணவறைத் தூண்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். வேறு எவருடைய தளத்தையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதுவரை செய்ததில் அதுதான் அழகு என்று அவளுக்கே தெரிந்தது, பெருமையாகக்கூட இருந்தது.

புவனேஸ்வரன் திரையை மேலும் கீழும் நகர்த்தினார். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. சூடு கண்ட பூனை அவர்.

"ரொம்ப நல்லா இருக்கு லா. எங்கேருந்து எடுத்த?"

"நானே வரைஞ்சதுண்ணே."

"இவ்ளோ அழகா இருக்கே, அதாம்மா பயமா இருக்கு."

அழித்து வரைந்த காகிதங்களையெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

"வேற யாரோடதையாவது பாத்து வரைஞ்சாலும் இப்படித்தானே இருக்கும்?" கோபமே இல்லாமல் கேட்டார். "வேணாம்மா. தப்பா நினைக்காத."

சாந்தினி காகிதங்களை அடுக்கினாள். அவர் இடத்தில் இருந்தால் தானும் நம்பமாட்டாள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.