டப்பாவில் எழுதாதது

சால்ட் லேக்கில் என் ஆபீஸுக்கு எதிரே அழகுப்பொருள் கடை வைத்திருந்த தமிழ்ப் பெண்மணி அவர். ஹலாலா என்று யாராவது கேட்டால், மூக்குக்கண்ணாடி போதாதென்று பூதக்கண்ணாடியும் பிடித்து, டப்பாவின் பொடி எழுத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் விற்பார்.

ஒரு நாள் அவர் கடைக்குப் போனேன்; மறுநாள் லேக் கார்டன்ஸில் நான் பெண் பார்க்கப் போக வேண்டும். தலையில் முக்கால்வாசி நரை. கறுப்புச் சாயம் ஒன்றை நீட்டி, “இதுல ஹராம் எதாவது கலந்திருக்கா அக்கா?” என்று பக்திமானைப்போலக் கேட்டேன்.

படித்து முடித்தார். “சரக்கு சுத்தம் தம்பி. எதுக்குப் பூசுறீங்க?”

“நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறேன்.”

டப்பாவை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார். “அப்போ ஆகாது. பொண்ணு வீட்டை வயசுல ஏமாத்த மார்க்கத்துல இடமில்ல. மருதாணி தரட்டுமா?”

“தலை செங்கல் மாதிரி ஆயிடுமே.”

“ஆகட்டும். யாரும் ஏமாற மாட்டாங்கள்ல.”

நரையோடே போனேன். கதவைத் திறந்த பெண்ணின் அம்மா, “மாப்பிள்ளையோட அத்தாவா? வாங்க, புள்ள பின்னால வருதா?” என்றார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அப்படிச் சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

அந்த அக்காவுக்காக இப்போதும் துஆ கேட்கிறேன். கண்ணாடியில் என் தலையைப் பார்த்துவிட்ட நாட்களில் மட்டும் கேட்பதில்லை.