எழுத்தின் வயிற்றுக்கு ஒரு பாலம்

இரண்டாயிரத்துகளின் நடுவில் ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். குறையோடு வரும் உருப்படிகளைப் போட உற்பத்தி லைன் ஓரத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கும். சரிசெய்யக்கூடியது ஒன்றில், உருக்கப்போவது மற்றதில். ஒன்றின்மேல் ‘ரீவொர்க்’ என்றும் மற்றதில் ‘ரிஜெக்ட்’ என்றும் ஆங்கிலத்தில் பெயின்ட் அடித்திருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரித் தொடங்குவதால் அவசரத்தில் உருப்படி மாறி விழுந்துவிடும். தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண்கள் பலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். பள்ளியில் படித்தது தமிழ். “தமிழ்ல எழுதிடுங்க சார், பாத்ததும் தெரியும்” என்றார் அவர்களில் ஒருவர்.

மேனேஜரும் சரி என்றார். ‘மறுவேலை’, ‘கழிவு’ என்ற இரண்டு சொற்களையும் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு எழுத்துருவில் பெரிதாக அச்செடுத்தேன். அதைப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமின்மேல் ஒட்டி, பிளேடால் வெட்டினேன். ஓட்டையின் வழியே பெயின்ட் அடித்தால் எழுத்து விழும் என்பது கணக்கு. ஆனால் ஃபிலிமைத் தூக்கியபோது எழுத்துகளின் வயிற்றில் இருந்த துண்டுகளெல்லாம் மேஜையிலேயே தங்கிவிட்டன. பெயின்ட் அடித்துப் பார்த்தேன். க-வின் சுழி அடைத்துக்கொண்டு கறுப்பு மொத்தையாக நின்றது.

மத்திகிரியில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு அந்த ஃபிலிமை எடுத்துவந்தேன். என் மனைவி வேறொரு பட்டறையில் கம்ப்யூட்டரில் இயந்திர வரைபடம் போடும் வேலை பார்த்தாள். விருதுநகர்ப் பக்கத்துக்காரி.

“இங்கிலீஷ் ஸ்டென்சில்ல நடுவுல ஒரு கோடு விட்டிருப்பாங்கல்ல, அதயே போட்டுடலாம்” என்றேன்.

அவள் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நேராக ஒரு இடைவெளி வரைந்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். “இது ழ மாதிரியாங்க இருக்கு? ம ஒடஞ்சு கெடக்குற மாதிரி இருக்கு.”

பிறகு பென்சிலால் ழ-வை மெதுவாக, திரும்பத் திரும்ப எழுதினாள். நான் என்ன என்று கேட்டபோது, கையை நிறுத்தாமலே சொன்னாள். “கை சுத்தி வந்து பழைய கோட்டத் தொடுற எடம் இருக்குல்ல, அங்க ஒடச்சா கண்ணு தானாச் சேத்துக்கிடும்.”

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் தினமும் எழுதுகிற எழுத்துதான் அது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்ட் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோம். வரைகிற மென்பொருளில் எழுத்தை வெறும் கோடுகளாக மாற்றி, தொடும் இடங்களில், நடுத்துண்டு விழாமல் பிடித்துக்கொள்ள, அவள் சிறு பாலங்கள் வைத்தாள். பெயின்ட் பரவும் என்று சுழிகளைக் கொஞ்சம் பெரிதாக்கினாள். திரையில் எல்லாம் அழகாக இருந்தது. வீட்டில் வெட்டிப் பார்த்தால் லை-யின் சுழிக்குப் பாலம் மெலிந்து, பிளேடு பட்டதும் அறுந்தது. அவள் அதே இடத்தில் கையால் தடிப்பாக வரைந்தாள். அடுத்த வாரம் அந்தத் தாளை ஸ்கேன் செய்து, மறுபடியும் கோடுகளைத் திருத்தினாள். இப்படிக் கைக்கும் கம்ப்யூட்டருக்குமாகப் பல ஞாயிறுகள் போயின. எனக்குப் பொறுமை போனது. அவளுக்குப் போகவில்லை.

கடைசியில் பெட்டியில் அடித்துப் பார்த்தோம். லைனில் இருந்த பெண் ஒருவர் நின்று படித்தார். “மரவேலையா? நம்ம கம்பெனில மரவேலை எங்க சார் நடக்குது?”

று-வின் கீழ்வளைவில் விட்ட இடைவெளி அகலமாகிவிட்டிருந்தது. வளைவு தனியாகப் பிரிந்து, று வெறும் ற ஆகியிருந்தது. சாயங்காலம் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் தாளை எடுத்து, அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்து வளைவின் நுனிப்பக்கம் தள்ளினாள். அதற்குப் பிறகு அதை யாரும் மரவேலை என்று படிக்கவில்லை. பெட்டி மாறி விழுவதும் குறைந்தது. ஸ்டோர்ஸ்காரர் ‘எண்ணெய்’ என்று ஒன்று வெட்டித் தரக் கேட்டார். கேன்டீனில் ‘குடிநீர்’ கேட்டார்கள். கேட்கக் கேட்க அவளிடம் எழுத்துகள் சேர்ந்துகொண்டே வந்தன.

ஆயுத பூஜை அன்று குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். பெட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தோம். மாலையைச் சற்று விலக்கி, அவள் எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மேனேஜரிடம், “என் மனைவி செஞ்சது சார்” என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாகவே வந்தது.

அவர் நல்லா இருக்கும்மா என்றார். அவள் தலையாட்டிவிட்டு, அவர் நகர்ந்ததும் என்னிடம் மெல்லச் சொன்னாள்.

“வே-க்கு முன்னாடி எடம் கொஞ்சம் கூடிப்போச்சுங்க.”