முப்பத்தொரு பொம்மையும் ஒரு கிறிஸ்மஸ் தாத்தாவும்

இயேசு பிறந்து இரண்டாயிரம் வருஷம் ஆகிறது என்று உலகம் சொல்லிக்கொள்ளட்டும். சித்தூரில் அவர் பிறந்தது 1994-ஆம் வருஷம், டிசம்பர் இருபத்துநாலு, சாயங்காலம் ஏழு மணிக்கு. கிருஷ்ணப்பா டிவியில் வந்து சொன்ன பிறகுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. அவர் சிரித்தால் பலமனேர் மாடுகள் அரைப்படி கூடுதலாகக் கறக்கும். அவர் மணி அடித்தால் ரேணிகுண்டாவில் ரயில்கள் சிக்னலைப் பார்க்காமல் கிளம்பிவிடும். பெரிய பெரிய சானல்காரர்கள் எல்லாம் அவருக்குப் பயந்துதான் சாட்டிலைட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

கொஞ்சம் குறைத்துச் சொன்னால், முந்நூற்றுப் பத்து வீடு. கிரீம்ஸ்பேட்டையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும், திருமலை என்பவர் மொட்டைமாடியில் டிஷ் நிறுத்தி நடத்திய கேபிள் அத்தனை வீட்டுக்குத்தான் போனது. அந்தக் கேபிளுக்கு லைன்மேன் கிருஷ்ணப்பா. குடிபாலாவைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர் அவருக்கு. அவர் அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டிய குடும்பம். தென்னை ஏறத் தெரியும் என்ற ஒரே தகுதியில் கம்பம் ஏறும் வேலை கிடைத்தது. ஏணி கேட்காத ஆளை எந்த முதலாளிதான் விடுவான்?

முதல் வருஷம் கேபிளில் காட்டும் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்குத் தாத்தாவாக வருவதாகச் சொன்ன வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. திருமலை சுற்றுமுற்றும் பார்த்தார். அறையில் இருந்தது கிருஷ்ணப்பா ஒருவர்தான். கம்பம் ஏறுகிறவருக்குத் தொப்பை ஏது? தலையணையைக் கட்டினார்கள். தாடிக்கு மெடிக்கல் ஷாப் பஞ்சு. சிரிப்பு மட்டும் சொந்தம். அந்தச் சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அதற்கு கேபிளே தேவையில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கம் ஆயிற்று. பெற்றவர்கள் பிள்ளைக்கு வாங்கிய பொம்மையைப் பிள்ளைக்குத் தெரியாமல் கேபிள் ஆபீசில் கொடுத்துவிடுவார்கள். குமாஸ்தா ஒரு சீட்டில் தெலுங்கில் பெயர் எழுதி பொம்மையில் கட்டுவார். ஏழு மணிக்குத் தாத்தா மூட்டையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தாளம் தட்டும் குரங்கு, பட்டனை அழுத்தினால் தண்ணீருக்குள் வளையம் மாட்டும் விளையாட்டு, சுவரில் முட்டிவிட்டுத் தானே திரும்பும் கார். பர்மா பஜாரிலிருந்து வந்தது கொஞ்சம், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அம்மாக்கள் அனுப்பியது கொஞ்சம். பெயர் டிவியில் வந்த பிள்ளை மறுநாள் தெருவில் நடக்கும் நடையே வேறு.

கிருஷ்ணப்பாவின் மகள் கல்பனாவின் பெயர் மட்டும் வந்ததே இல்லை. "நமக்கு அந்தப் பண்டிகை கெடையாதுடி" என்று முடித்துவிட்டார். கல்பனா தெருநாய்க்கு ஹெட்மாஸ்டர் பெயரை வைத்து, பிரேயர் நேரத்தில் ஸ்கூல் வாசலில் நின்று கூப்பிட்டவள். பயம் என்பது என்னவென்று தெரியாது. ஆனால், "உங்க நைனாதான் தாத்தா, உன் பேரை ஏன் சொல்லலை?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் மட்டும் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

1997-இல் அவளுக்குப் பத்து வயது. அந்த டிசம்பரில் திருப்பதியிலிருந்து ரகுராம் என்று ஒருவர் வந்தார். சின்னச் சின்ன கேபிள்களையெல்லாம் சேர்த்துப் பெரிதாக்கும் கம்பெனி அவருடையது. அப்பா, தாத்தா எல்லாம் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம். இவர் எம்.பி.ஏ. அவர் திருமலையிடம் கல்பனாவின் காதுபடவே சொன்னார்: "இந்த வருஷம் ஒரு தப்பும் இல்லாம போகட்டும். அடுத்த வருஷம் திருப்பதிக்கும் சேர்த்து கிருஷ்ணப்பாவையே தாத்தாவா போடலாம். சொதப்பினா, அங்க ஒரு நாடகக்காரர் ரெடியா இருக்கார்."

வீட்டுக்கு வந்த கிருஷ்ணப்பா சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். "திருப்பதியாம்டி" என்று மூன்று தரம் சொன்னார்.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் கல்பனா சாப்பாடு கொண்டுபோனபோது ஆபீசில் யாரும் இல்லை. மேஜையடியில் முப்பத்தொரு பொம்மைகள். அதில் கண்ணை மூடித் திறக்கும் ஒரு வெள்ளைக்காரப் பொம்மை, படுக்க வைத்தால் தூங்கியது. எஸ்தர் என்று சீட்டு. கல்பனா அந்தச் சீட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு, தன் பெயரைத் தெலுங்கில் எழுதிக் கட்டினாள். பொம்மை கிடைக்கப் போவதில்லை என்று அவளுக்கே தெரியும். ஒரு தரம், ஒரே தரம், நைனா வாயால் அந்தப் பெயர் டிவியில் வந்தால் போதும். முப்பத்தொன்றில் ஒன்று மாறினால் திருப்பதி ஓடியா போய்விடும்?

ஏழு மணி. ஆபீஸ் முன்னறையில் பெற்றவர்களும் பிள்ளைகளுமாக நெருக்கிக்கொண்டு டிவி பார்த்தார்கள். நாற்காலியில் ரகுராம். உள்ளறையில் கேமரா முன்னால் தாத்தா. பதினாலாவதாக அந்தப் பொம்மை வெளியே வந்தது. தாத்தா சீட்டைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார்.

"எஸ்தர் பாப்பா" என்றார் தாத்தா. "மீ அம்ம குவைத் நுஞ்சி பம்பிஞ்சிந்தி. உங்கம்மா குவைத்லேர்ந்து அனுப்பிச்சது. ராத்திரில அழாம சாப்பிடணும். அம்மா போன்ல கேப்பாங்க, தெரிஞ்சிக்கோ."

கல்பனா தன் கையால் எழுதிய சீட்டு. கொட்டை எழுத்து. டிவியிலேயே கூடத் தெரிந்தது. அதை நேரே பார்த்துக்கொண்டு நைனா வேறு பெயர் சொன்னார்.

தினமும் டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்காரும் மனிதர். அதில் அவர் படங்களை மட்டும்தான் பார்த்தார் என்பது கல்பனாவுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் செய்த குறும்புகளிலேயே அவளைத் திருப்பி அறைந்தது அது ஒன்றுதான்.

நிகழ்ச்சி முடிந்து பொம்மைகளைக் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் ஆளாக எஸ்தர் கை நீட்டிக்கொண்டு வந்தாள். குமாஸ்தா சீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இதுல கல்பனான்னு கீதே?"

ரகுராம் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தார். "யார் கல்பனா?"

"நம்ம கிருஷ்ணப்பா பொண்ணுதான் சார்" என்றார் திருமலை.

தாடியைக் கையில் வைத்துக்கொண்டு கிருஷ்ணப்பா உள்ளறையிலிருந்து வந்தார். ரகுராம் சீட்டை நீட்டினார். "சீட்டுல ஒரு பேரு, வாயில ஒரு பேரா? எழுதி இருக்கறதைப் பார்த்துப் படிச்சா போதாதாப்பா?"

எஸ்தர் சத்தம் இல்லாமல் அழுதாள். கல்பனா கதவோரம் நின்றாள். நான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? பின்னே இவர் எதைப் பார்த்துப் படித்தார் என்று வரும்.

கிருஷ்ணப்பா அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு ரகுராமிடம் திரும்பினார்.

"சீட்டு மாறிப் போச்சு சார். பொம்ம மாறல."

"எப்படிச் சொல்றே?"

"எது யாருதுன்னு எனுக்குத் தெரியும் சார். எல்லாமே."

ரகுராம் நம்பவில்லை. ஒரு காரை எடுத்து, சீட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு நீட்டினார். கிருஷ்ணப்பா வாங்கினார். "மிஷன் காம்பவுண்டு, ரெண்டாவது வீடு, சாமுவேல் சாரு பேரன்." குரங்கு. "டேங்க் பக்கத்துல, டெய்லர் வூட்டு சின்னது." வளைய விளையாட்டு. "இது அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் சேர்த்து, சண்ட போட்டா திருப்பி வாங்கிக்குவேன்னு சொல்லி கீறேன்." அறையில் சிரிப்பு எழுந்தது. பத்து, பதினைந்து, இருபது. ரகுராம் வரிசையைக் குலைத்துக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தவறவில்லை.

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். கல்பனா கையைப் பார்த்தாள். ஒவ்வொரு பொம்மையை வாங்கும்போதும் கட்டைவிரல் முதலில் அதன் கழுத்துக்கோ சக்கரத்துக்கோ பிடிக்கோ போனது. அங்கே டெலிபோன் கேபிளுக்குள் இருக்கும் வண்ண ஒயர்த்துண்டுகள் முறுக்கிக் கட்டியிருந்தன. அலங்காரம் என்று ஊரே நினைத்திருந்த ஒயர். கம்பத்தில் வீட்டு லைன்களிலும் அதே ஒயர்தான். தெருவுக்கு ஒரு நிறம், கம்பத்துக்கு ஒரு நிறம், வீட்டுக்கு இத்தனை முறுக்கு. முந்நூற்றுப் பத்து வீட்டையும் அவர் அப்படித்தான் படித்து வைத்திருந்தார். பொம்மை வந்த அன்றைக்கே யார் வீடென்று கேட்டு, அந்த வீட்டு முறுக்கைப் பொம்மைக்கும் போட்டுவிடுவார்.

முப்பத்தொன்றாவதாக ரகுராம் நீட்டியது கண் மூடும் பொம்மை. கிருஷ்ணப்பா அதை எஸ்தரின் கையில் வைத்தார். "ரத்னம்மா பொண்ணு சார். எஸ்தர்."

"நாடகக்காரரை வேற வேலை பார்த்துக்கச் சொல்லிடறேன்" என்றார் ரகுராம்.

சைக்கிளில் திரும்பும்போது பாதி தூரத்தில் கிருஷ்ணப்பா கேட்டார்.

"பொம்ம வோணும்னா கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வாங்கித் தந்திருப்பியா?"

"மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்ல."

"பொம்ம வேணாம் நைனா. பேரு சொல்லுவேன்னு பார்த்தேன்."

கிருஷ்ணப்பா சைக்கிளை நிறுத்தினார். காலை ஊன்றிக்கொண்டு, தலையணையும் தாடியும் இல்லாமல், நடுரோட்டில் அந்தத் தாத்தாக் குரலில் கூப்பிட்டார். "கல்பனா பாப்பா." டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த நாலு வருஷம் திருப்பதியிலும் அவர்தான் தாத்தா. அங்கே பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்திக் கேட்பார்கள்: "மீரு கிறிஸ்மஸ் தாத்தா கதா? நீங்கதானே அது?" நாற்பது வயதுகூட ஆகாத மனிதர், "ஆமா" என்று ஒரு கிழவனின் தோரணையில் தலையாட்டுவார். பிறகு ஊர் முழுக்கப் பெரிய சானல்கள் வந்தன. பொம்மை வாங்குகிற வீடுகளில் பாதி பெங்களூருக்குப் போயின. நிகழ்ச்சி நின்றது. லைன்மேன் வேலை நிற்கவில்லை.

கல்பனாவும் அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு கிறுக்குப் பிடித்தவள் ஆனாள். பஸ் போர்டு, கரண்ட் பில், மாத்திரை அட்டை, பேப்பர் தலைப்பு, எது கண்ணில் பட்டாலும் வாய்விட்டுப் படிப்பாள், நைனா பக்கத்தில் இருந்தால் மட்டும். "செய்தி வாசிக்கிறவ வந்துட்டா" என்று வீட்டில் கேலி செய்தார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

இந்த வருஷம் சபையின் கிறிஸ்மஸ் மலருக்குக் கிருஷ்ணப்பாவைப் பற்றி தமிழில் நாலு பக்கம் வேண்டும் என்றார் சர்ச் பாஸ்டர். ஒன்பதாவதோடு நின்று மாங்கூழ் ஃபாக்டரிக்குப் போகிற கல்பனாவிடம் போய்க் கேட்டதற்குக் காரணம், தெருவில் மற்ற பிள்ளைகள் எல்லாம் தெலுங்கு மீடியம், இவள் ஒருத்திதான் தமிழ் மீடியம். அவள் எழுதினாள். எழுதியவள் வேறு யாரோ என்று ஜனங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று, தன்னையும் மூன்றாம் ஆளாகவே எழுதினாள்.

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நானே படிக்கறேன்" என்று சொல்லி அவர் முன்னால் உட்கார்ந்தாள். கிருஷ்ணப்பா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கேட்டார். பலமனேர் மாட்டுக்குச் சிரித்தார். ரகுராம் வந்த இடத்தில் நிமிர்ந்தார். முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாத்தான் எழுதிக் கீறே. ஒரே ஒரு டவுட்டு."

"இன்னா நைனா."

"அவுரு சீட்டைக் கைக்குள்ள மறைச்சிக்கினாரு. செரி. நான் எப்பிடிச் சொன்னேன்?"

"ஞாபக சக்தி."

"முப்பத்தொண்ணா? உங்கம்மா கடையில வாங்கியாரச் சொல்ற நாலு சாமானே எனுக்கு ஞாபகம் இருக்காது." அவர் கண்ணை முழுசாகத் திறந்தார். "ஒயரு எங்கடி?"

கல்பனா தாள்களை மடித்தாள்.

"ஒயர எழுதினா எனுக்குப் படிக்க வராதுன்னும் எழுதணும். அதானே மூணாவது தாள அடியில சொருகிக்கினே? ஏழு வருஷமா எனுக்கு பஸ் போர்டு படிச்சிக் காட்டறவளுக்கு, இத மட்டும் படிக்க வாய் வரலியா?"

அவரே அடியிலிருந்து அந்தத் தாளை உருவி, தலைகீழாகவே அவள் மடியில் வைத்தார்.

"படி. அந்த ஒயரு நானே யோசிச்சிக் கண்டுபுடிச்சதுடி. அத வுட்டுட்டு எனுக்கு எதுக்கு மலரு?"